வாஷிங் மெஷினுக்குப் பின்னால்

ருமேனியாவிலிருந்து வேனில் வந்து இறங்கினாள், நான்கு நாள் பயணம்.
காகிதத்தில் வயது மூன்று, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று.
இர்யாதான் ஹில்லா என்று வைத்தாள்,
சதுப்பில் விளையும் மஞ்சள் பழம்.

ஆண்களைக் கண்டால் ஆகாது என்பதை
வேன்காரி கையெழுத்து வாங்கிய பிறகுதான் சொன்னாள்.
நான் ஆண். ஆறடி இரண்டங்குலம்.
கெமி நகராட்சியில் பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறேன்.
என் குரலே கொஞ்சம் டீசல்.

மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்.
அதில் எப்படி நுழைந்தாளோ, அங்கேயே குடியிருந்தாள்.
நாங்கள் துணி துவைப்பதை நிறுத்தினோம்.
அழுக்குக் கூடை நிறைந்து தரைக்கு வழிந்தபோது
இர்யா மூட்டை கட்டிக் கீழ்வீட்டு சைமாவிடம் தூக்கிப் போனாள்.

கண்ணைப் பார்க்காதீர்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள்,
பக்கவாட்டில் உட்காருங்கள், கையை நீட்டாதீர்கள்
என்று ஒரு தாள் தந்திருந்தார்கள்.
எங்கள் ஊரில் பஸ் ஸ்டாப்பில் நிற்பதே அப்படித்தான்.
எனக்குத் தெரிந்த ஒரே வித்தை.
குளியலறை வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து
மின்கட்டண ரசீதை வாய்விட்டுப் படித்தேன்,
தொகை வந்த இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தி.

பிறகு, பெல்ட்டைக் கழற்றிய அந்த இரவு.
கொக்கி கிளிங்கென்றது. அவ்வளவுதான்.
மெஷினுக்குப் பின்னாலிருந்து மூத்திரம்
சத்தமே இல்லாமல், ஒரே கோடாக,
தரை ஓடுகளின் இடுக்கு வழியே
என் காலுறைக்கு வந்து சேர்ந்தது.
யாரோ ஒருவன்
ஏதோ ஓர் ஊரில்
என்னைப் போலவே பெல்ட் கட்டியிருந்திருக்கிறான்.
துடைத்துக்கொண்டே அவன் முகம் எப்படியிருக்கும் என்று யோசித்தேன்.
கண்ணாடியில் இருந்தது என் முகம்.

மறுநாள் தோள்வார் வாங்கினேன்.
எந்த சர்க்கஸில் சேர்ந்தாய் என்றான் டிப்போவில் ஆர்வோ.
நான் விளக்கவில்லை.

என் வீட்டிலேயே விருந்தாளியாய் நடக்கப் பழகினேன்:
கதவைப் பாதி திறந்து நுழைவது,
பனிவாரியை அவள் பார்க்காத பக்கம் பிடிப்பது,
தும்மலைத் தோளுக்குள் விழுங்குவது.
இருபத்தாறு வருஷமாய் நான் கேட்டது,
பன்னிரண்டே நாளில் ஒரு நாய்க்குக் கிடைத்துவிட்டது
என்றாள் இர்யா, பாதிச் சிரிப்போடு.
மீதிப் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை.

ராத்திரியில்தான் வெளியே வருவாள் போல.
விடிந்தால் தட்டு காலி,
அடுப்பின் கண்ணாடியில் மூக்கு வைத்த ஈரத் தடம்.
ஒருநாள் ஒரு முழு ரை ரொட்டியைக் காணோம்.
சோபா மெத்தைக்கு அடியில் அகப்பட்டது,
ஒரு கடிகூடப் படாமல்.
நாளைக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள்.
நாளையும் இந்த வீடு இருக்கும் என்று நம்பியா,
இருக்காது என்று பயந்தா?
இருந்த இடத்திலேயே வைத்து மெத்தையை மூடினேன்.

மார்ச்சில் ஒரு விடிகாலை மூன்று மணிக்கு அழைப்பு.
முப்பது சென்டிமீட்டர் பனி.
இருட்டில் பூட்ஸ் மாட்ட உட்கார்ந்தேன்.
முழங்கைக்குப் பக்கத்தில் மூச்சு.

திரும்பவில்லை.
தாளில் இருந்தபடி சுவரைப் பார்த்தேன்.
சுவரில் ஒன்றுமில்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
ஈரமாய் ஏதோ என் சுண்டுவிரலை வாசித்துவிட்டு
மடியிலிருந்த இடக்கைக் கையுறையை
மெதுவாக, திருட்டுக்கு உரிய மரியாதையோடு,
இழுத்துக்கொண்டு போனது.
மெஷினுக்குப் பின்னால் கொஞ்சம் சரசரப்பு.
ஒரு பெருமூச்சு.

மைனஸ் பத்தொன்பதில், துறைமுகச் சாலை முழுவதையும்
ஒற்றைக் கையுறையோடு வழித்தேன்.
மாற்று ஜோடி இருந்ததே என்றாள் இர்யா.
இருந்தது.

அன்று மாலையே கரண்டி ஒன்று கைதவறி விழுந்தது.
அப்புறம் எட்டு நாள் எங்கள் கண்ணில் படவில்லை.
கையுறையை மட்டும் திருப்பித் தரவில்லை.
துணி இன்னும் சைமா வீட்டில்தான் துவைக்கிறோம்.